மூன்று கல் முகங்கள்

"மனுஷங்களா இவங்க? செதுக்கி வெச்ச சிலை மாதிரி உக்காந்திருக்காங்க!"

கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு கணவர் கொதித்தார்.

அந்தப் பக்கம், நெற்றியில் ஒரு பட்டையும் மணிக்கட்டில் நாடி பார்க்கும் கருவியுமாக அவர் மனைவி பேசிக்கொண்டிருந்தாள். எதிரே மூன்று பேர். ஒரு சிரிப்பு இல்லை. ஒரு 'ம்' இல்லை.

"அதுதான் சார் அவங்க வேலை," என்றார் டாக்டரம்மா. "பேசறவங்களுக்குப் பதற்றம் வரணும். நெத்தியில லேசா மின்சாரம் கொடுத்தா அது அடங்குதான்னு பார்க்கறோம். ஊசி கீசி எதுவும் கிடையாது, வலிக்காது."

"மின்சாரம் வலிக்காது, சரி. இந்த மூஞ்சிங்க? ஒரு தடவை தலையாட்டினா கழுத்து சுளுக்கிக்குமா? பாவம் டாக்டர் அவ, பூஞ்சை மனசு. நாலு பேர் முன்னாடி வாயே திறக்க மாட்டா."

அதனால்தான் வந்திருந்தாள். அவள் வேலை பார்க்கும் தையல் நிறுவனத்தில் மேற்பார்வையாளர் பதவி காலியாக இருந்தது. திங்கட்கிழமை நேர்காணல். வருகிறாளா இல்லையா என்று இன்றைக்குள் சொல்லியாக வேண்டும். "இங்கே உளறினேன்னா, அங்கே போகவே மாட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனாள்.

கணவரின் கைபேசி ஒலித்தது. அவர் பேசி முடிப்பதற்குள் சோதனை முடிந்து எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள்.

"ஏங்க, எங்க தையல் கூடத்து ஜன்னலோர மேசை விஷயத்தைச் சொன்னேங்க. மதியத்துக்கு மேல வெளிச்சம் மாறும்போது..."

"அதெல்லாம் இருக்கட்டும். டாக்டர், நாடி என்னாச்சு?"

டாக்டரம்மா திரையைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"ஏறவே இல்லையே! பூங்காவுல காத்து வாங்கறவங்க நாடி மாதிரி இருக்கு."

"அப்படிப் போடுங்க! கருவின்னா இது கருவி. வீட்டுக்கு ஒண்ணு கிடைக்குமா?"

"இவங்களுக்கு மின்சாரமே கொடுக்கலை சார். பாதிப் பேருக்குப் பட்டையை மட்டும்தான் கட்டுவோம். ஒப்பிட்டுப் பார்க்கணும் இல்லையா?"

மனைவியின் கண்கள் விரிந்தன. "அப்போ... நானாவா பேசினேன்?"

"நீங்களேதான்."

அடுத்த நிமிடம் கைபேசி அவள் காதில் இருந்தது. "சார், திங்கட்கிழமை நான் வர்றேன். ஆமா சார், நிச்சயமா!" குரல் துள்ளியது.

"ஆனா ஒரே ஒரு இடத்துல மட்டும் நாடி எகிறியிருக்கு," என்று டாக்டரம்மா திரையில் விரல் வைத்தார்.

மூவரில் மூத்தவர் தலையைச் சொறிந்தார். "என் தப்புதான் டாக்டர். அவங்க சொன்ன யோசனை பிரமாதமா இருந்துது. விதியை மறந்து தலையாட்டி, 'அப்புறம்?'னு கேட்டுட்டேன்."

"பார்த்தீங்களா! அவளை மிரட்டியிருக்கீங்க!" கணவர் பாய்ந்தார்.

"ஐயோ, நீங்க சும்மா இருங்க." அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "மூணு முகமும் சாப்பாட்டு மேசையில உங்க முகம் மாதிரியே இருந்துதா, எனக்குப் பயமே வரலை. திடீர்னு ஒருத்தர் நான் பேசறதைக் கேட்டுத் தலையாட்டவும், பழக்கமில்லையா, நெஞ்சு படபடன்னு அடிச்சிருச்சு!"