பூட்டிக் கிடக்கும் அடிபம்பு

நாலாவது நடை குடத்தை இறக்கியதும் குந்தியாவுக்கு இடுப்பு கழன்றுவிடும் போலிருந்தது. மீகாங் ஆறு அரை மைல் தள்ளி இருந்தது. வாசலில் தொண்டு நிறுவனத்து இளைஞன் வுத்தி, டேப்லெட்டோடு நின்றான்.

“அக்கா, எங்க அறிவுக் களஞ்சியம் உங்களுக்கு எவ்வளவு பயன்படுது?”

“களஞ்சியமா? நெல்லு கிடைக்குமா தம்பி?”

“இல்லக்கா, நாங்க சேகரிச்ச தகவலெல்லாம் இதுல இருக்கு.”

“அப்ப எங்க அடிபம்பைப் பாரு. ஆர்செனிக் விஷம் இருக்கலாம், சோதனை முடிவு வர்ற வரைக்கும் குடிக்காதீங்கன்னு உங்க ஆளுங்கதான் பூட்டிட்டுப் போனாங்க.”

வுத்தி தேடினான். சோதனை அறிக்கை உடனே கிடைத்தது. ஆங்கிலத்தில் இருந்தது.

“நல்ல தண்ணிதான்க்கா. குடிக்கலாம்.”

“முடிவு எப்ப வந்துச்சு?”

“ஆறு வருஷம் ஆச்சு.”

குந்தியா தரையில் உட்கார்ந்தாள். “சாவி?”

“ஆபீஸ்ல கேட்டுச் சொல்றேன்க்கா.”

“அந்தக் களஞ்சியத்துல இதையும் ஏத்திக்கோ. ஆறு வருஷத் தண்ணி நீங்க எனக்குப் பாக்கி.”