நயோபியின் மடி

ஹெஸ்டர் கண்காட்சிக் கூட்டத்தை முழங்கையால் இடித்துக்கொண்டு படத்துக்கு முன்னால் போய் நின்றபோது, குழந்தைக்கு முகம் இல்லை.

தொங்கும் கால்கள் இருந்தன. பிஞ்சு விரல்கள் இருந்தன. கழுத்துக்கு மேலே நீலத் துணி ஒன்று மடிப்பு மடிப்பாக விழுந்து மிச்சத்தை மூடியிருந்தது.

வேறு படமோ என்று தங்கச் சட்டத்தில் ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்தாள். அதே படம்தான். சர் ஜூலியன் ஹார்ட்ரீ வரைந்த நயோபி. பெற்ற பிள்ளைகளைப் பற்றிப் பெருமையடித்தாள் என்று தெய்வங்கள் கோபித்துக்கொண்டு, ஒன்று விடாமல் கொன்றுபோட்ட கிரேக்க ராணி. கடைசிப் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு பாறைமேல் உட்கார்ந்திருக்கிறாள்.

அந்த ராணியை வரைவதற்கு மாடலாக உட்கார்ந்தவள் ஹெஸ்டர்தான். மூக்கை நீட்டி, முகவாயைச் செதுக்கி, அவள் முகத்தை யாருடையதாகவோ ஆக்கியிருந்தார். அதில் அவளுக்கு வருத்தம் ஒன்றுமில்லை. தன் மூக்கைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தாள்?

ஆர்ச்சியைப் பார்க்க வந்தாள். பதினாலு மாதம் இருந்துவிட்டு, பிப்ரவரிக் குளிரில் தொண்டை அடைத்துப் போய்ச் சேர்ந்த மகன். போட்டோ எடுத்து வைக்க வக்கில்லாத வீடு. அவன் முகம் உலகத்தில் மிஞ்சியிருந்தது இந்தப் படத்தில் மட்டும்தான். நெற்றியில் ஒட்டிய சுருள் முடியோடு, சாயம் காயாமல் பளபளத்த அந்த முகத்தை அவள் தன் கண்ணால் பார்த்திருக்கிறாள்.

“கவலப்படாத ஹெஸ்டர். உன் பையன் இன்னும் நூறு வருஷம் இருப்பான்” என்று சர் ஜூலியன் தன் வாயால் சொன்னார்.

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு மூன்று மாதத்தை ஓட்டினாள். இன்றைக்குச் சலவைக்கூடத்தில் பல்வலி என்று பொய் சொல்லி, தாடையைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு கிளம்பி, தெருமுனை திரும்பியதும் அவிழ்த்துப் பைக்குள் திணித்தாள்.

பக்கத்தில் பெல்லாமி என்ற கனவான் மனைவியோடு நின்றிருந்தார். பத்திரிகைக்குக் கலை விமர்சனம் எழுதுகிறவர். கையில் குறிப்புப் புத்தகம். அவர் பேசினால் நாலு பேர் திரும்பிப் பார்க்க வேண்டும், அப்படி ஒரு குரல்.

“இருபது வருஷமா இந்த மனுஷனோட படங்களப் பாத்துக்கிட்டு வர்றேன், கான்ஸ்டன்ஸ். கடல்கன்னி வரைஞ்சார், ஈரம் சொட்டுச்சு. ஆனா இதுதான் உச்சம்! மத்தவனா இருந்தா கொழந்தை மூஞ்சியக் காட்டி அழ வெச்சிருப்பான். இவர் மூடிட்டார் பாரு. அந்தக் காலத்துக் கிரேக்க ஓவியன் ஒருத்தன், மகளப் பலி குடுக்கற அப்பனோட துக்கத்த வரையவே முடியாதுன்னு அவன் முகத்தத் துணியால மூடினானாம். அதே கை இது!”

“கிரேக்கமாவது மண்ணாவது” என்றாள் மனைவி. “இத வாங்கின மில் முதலாளி சாப்பாட்டு அறையில மாட்டப் போறாராம். செத்த கொழந்தை மூஞ்சியப் பாத்துக்கிட்டு எனக்கு ஆட்டுக்கறி எறங்காதுன்னுட்டாளாம் அவர் பொண்டாட்டி. ஊரே சிரிக்குது, உங்களுக்கு மட்டும் தெரியல.”

“வம்பு பேசறதே உனக்கு வேலை. வார்னிஷ் நாளன்னிக்கு நான் பக்கத்துலயே நின்னேன். ஏணியில ஏறினார், தூரிகையால துணிய இழுத்து விட்டார், எறங்கினார். கால்மணி நேரம்கூட ஆகல!”

கண்காட்சி திறப்பதற்கு முன்னால், மாட்டிய படங்களுக்கு ஓவியர்கள் கடைசித் திருத்தம் செய்ய ஒரு நாள் விடுவார்கள். அதுதான் வார்னிஷ் நாள். அதற்கெல்லாம் ஹெஸ்டர் போன்றவர்களை யார் உள்ளே விடப் போகிறார்கள்?

கால்மணி நேரம். படுபாவி, ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கக் கூடாதா? வந்து கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட்டாவது போயிருப்பாளே.

நீலத்துக்கு அடியில் அவன் இருக்கிறான். நகத்தால் சுரண்டினால்கூட வந்துவிடுவான். பித்தளைத் தடுப்புக் கம்பிக்கு மேலே தன் கை நீண்டிருப்பதே அவளுக்குத் தெரியவில்லை.

“ஏம்மா, கைய எடு. தள்ளி நில்லு” என்றான் சீருடைக் காவலாளி.

கையை எடுத்தாள். அழுகைதான் நிற்கவில்லை.

பெல்லாமி திரும்பிப் பார்த்தார். சலவைச் சோடாவில் வெந்து சிவந்த அந்தக் கைகளையும் பார்த்தார். “பாரு கான்ஸ்டன்ஸ், ஒரு சலவைக்காரிய அழ வெச்சிருக்கு!” என்று கிசுகிசுத்துவிட்டு, அவள் பக்கம் குனிந்தார்.

“எதப் பாத்தும்மா அழற?”

“இந்தத் துணியப் பாத்துங்கய்யா.”

அவருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஜெயித்துவிட்ட முகத்தோடு மனைவியைப் பார்த்தார், ஹெஸ்டர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார். பிறகு, பாவம், தேற்றவும் செய்தார்.

“அழாதம்மா. நெஜக் கொழந்தைன்னா நெனச்ச? தலகாணி எதையாவது மடியில வெச்சுத்தான் வரைஞ்சிருப்பாங்க. எந்தக் கொழந்தைம்மா இப்படி அசையாமக் கெடக்கும்?”

வாஸ்தவம்தான். ஏழு நாள் உட்கார்ந்தும் ஆர்ச்சி அசையாமல் கிடக்கவில்லை. உதைத்தான், தூரிகையைப் பிடுங்கினான், முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டே இருந்தான். எல்லாம் முடிந்தது, முகம் மட்டும் பாக்கி என்று சர் ஜூலியன் அலுத்துக்கொண்டார்.

எட்டாவது தடவை உட்கார்ந்த அன்றைக்கு, மத்தியானம் அவனுக்கு அடக்கம் வைத்திருந்தார்கள். காலையில் அவளே அவனைச் சால்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு போய், மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரே மூச்சில் முகம் முடிந்தது.