மருந்து கொடுக்காத கூண்டு

ஆறு எலிகளும் சுழல்சக்கரத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சுருண்டு கிடந்தன. பழங்களுக்குத் தெளிக்கும் பூஞ்சைக்கொல்லியைக் குடித்த எலிகள் இப்படிக் கிடந்தால் நியாயம். இவையோ வெறும் தண்ணீர் குடித்தவை. இரண்டு கூண்டிலிருந்தும் எடுத்துச் சோதித்த மூளைகளில், ஓடியாடத் தூண்டும் டோபமைன் ஒன்றுபோல் வற்றியிருந்தது.

"கூண்டை மாத்தி வச்சு, ஒரு வருஷ உழைப்பைக் குட்டிச்சுவராக்கிட்டியேம்மா!" என்று ஆய்வு மாணவியான அவளைத் திட்டிவிட்டுப் போனார் பேராசிரியர்.

கூண்டு மாறவில்லை என்பது அவளுக்கு நிச்சயம். கூண்டு கழுவும் அக்காவைத் தனியே அழைத்தாள்.

"அக்கா, மறைக்காம சொல்லுங்க. இதுங்களுக்கு வேற ஏதாவது போட்டீங்களா?"

"கோவிச்சுக்காதம்மா. தினமும் அதே காஞ்ச தீனியத் தின்னுதுங்களேன்னு மனசு கேக்கல. மருந்து குடிக்கிற கூண்டுப் பக்கம் நான் போகவே இல்ல. நீ சொன்னதைத் தட்டுவேனா?"

"என்ன போட்டீங்க?"

"உன் சாப்பாட்டு டப்பால நீ மிச்சம் வைக்கிற திராட்சைதான். மனுஷங்க திங்கிறதுதானே!"

அதே கொத்திலிருந்துதான் அவள் தன் மகளின் பள்ளி டப்பாவையும் தினமும் நிரப்புகிறாள்.

ஒரு மாதமாக மகள் ஓடுவதில்லை, அடம் பிடிப்பதில்லை. உட்கார வைத்த இடத்திலேயே இருக்கிறாள்.

"என் பொண்ணு எவ்வளவு சமத்தாயிட்டா தெரியுமாக்கா?" என்று நேற்றுதான் பெருமையடித்துக்கொண்டிருந்தாள்.