எதுக்க ஆள் நின்னா

உதைத்து உதைத்து வேதகிரியின் செருப்பு வார் அறுந்ததுதான் மிச்சம். வண்டி ஒரு தரம் இருமிவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது.

ரோட்டுக்கும் வரப்புக்கும் தோதாக இருக்கட்டும் என்று செங்கல்பட்டில் பழசாக வாங்கிய சின்ன மோட்டார் சைக்கிள். மத்தியானத்தில் கால் வைத்தாலே கிளம்பும். மார்கழி விடியற்காலையில்தான் மறுவீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி முறுக்கிக்கொள்ளும்.

இது விளையாட்டுச் சமாசாரம் இல்லை. திருப்புலிவனத்துக்கு அப்பால் ஒரு கிராமத்தில் வேதகிரி பால் சொசைட்டி செகரட்டரி. அவன் போய்க் கதவைத் திறந்து அளந்தால்தான் பால் லாரியில் ஏறும். அன்றைக்கு வண்டியைத் தள்ளிக் கிளப்பி அவன் போவதற்குள் லாரி போய்விட்டது. அத்தனை பாலும் திரிந்தது.

"இன்னொரு வாட்டி லாரிய வுட்டீன்னா வேற வேல பாத்துக்க" என்று சொல்லிவிட்டார் தலைவர்.

அன்றைக்கே மெக்கானிக் சுப்பிரமணியை வீட்டு வாசலுக்குக் கூட்டி வந்து காட்டினான்.

"வண்டி ராவெல்லாம் தெருவுல நிக்குது சார். பனித் தண்ணி எறங்குது. ஒரு கோணியப் போட்டு மூடி வெய்யி."

"வண்டி இன்னா கைக்கொழந்தையா, சளி புடிக்கறதுக்கு?"

வேதகிரி சிரித்த சிரிப்பு எதிர்வீடு வரைக்கும் கேட்டது.

பிளக்கைத் தானே கழற்றி, உப்புத்தாள் வைத்துத் தேய்த்து மாட்டினான். மறுநாளிலிருந்து வண்டி தள்ளாமலே கிளம்பியது. உதைதான் கொஞ்சம் அதிகம் கேட்டது.

"பாத்தியா, எல்லாம் நம்ம கைராசி" என்று பெண்டாட்டி பவளத்திடம் பீற்றிக்கொண்டான்.

கைராசி என்ற வார்த்தை தன் வாயிலிருந்து வந்தது அவனுக்கே உறைக்கவில்லை. வேதகிரி பகுத்தறிவுக்காரன். முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் பஸ் ஸ்டாண்டுக் கூட்டத்தில் சகுனம் பார்க்கிறவர்களைக் கிழி கிழியென்று கிழித்திருந்தான். மைக்செட்காரன்கூடக் கை தட்டினான்.

அது இருக்கட்டும். இந்த அதிகப்படி உதை எதனால்?

யோசித்துப் பார்த்ததில் பிடிபட்டுவிட்டது. எதிர்வீட்டு முனியம்மாள்! புருஷன் செத்து வருஷம் திரும்பவில்லை. இவன் கிளம்ப வெளியே வந்தால் போதும், கோணிப்பையைத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு, வெறும் நெற்றியோடு வண்டிக்கு எதிரே நிற்பாள்.

சகுனம் என்று நினைப்பானா வேதகிரி? சேச்சே. விஞ்ஞானமாகத்தான் நினைத்தான். அன்று சாயங்காலமே அவள் வாசலில் போய் நின்றான்.

"யக்கா, தப்பா நெனச்சிக்காத. ஸ்டார்ட் பண்ணும்போது எதுக்க ஆள் நின்னா எனுக்குக் கவனம் செதறுது. இனிமே வண்டிகிட்ட வராத."

"சரி நைனா" என்று சொல்லிவிட்டு முனியம்மாள் உள்ளே போனாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் பவளம் பிடித்துக்கொண்டாள்.

"நான் எதுக்க நின்னா மட்டும் கவனம் செதறலியா?"

"நீ வேற, அது வேற."

"அதான் இன்னா வேறன்னு கேக்கறேன்."

வேதகிரி துண்டை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டான்.

மறுநாள் விடியற்காலை. முனியம்மாள் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. வேதகிரிக்கு நிம்மதி. அதோடு நிறுத்தினானா?

"ஏ பவளம், தண்ணிக்குப் போய் வந்தவதான, அந்தக் கொடத்தோட அப்டியே கொஞ்சம் எதுக்க நில்லேன்."

பூவும் பொட்டுமாக, நிறைகுடத்தோடு பவளம் நின்றாள். வேதகிரி உதைத்தான்.

வண்டி இருமக்கூட இல்லை.

சோக்கை இழுத்தான், விட்டான். பிளக்கைக் கழற்றி ஊதினான். முருகா என்று வாய்வரைக்கும் வந்ததைக் கொள்கை தடுத்தது. காஞ்சிபுரம் ரோட்டில் பால் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போவது கேட்டது. அது வழியில் ரெண்டு ஊரில் நின்று போகும். இப்போதே கிளம்பினால் பிடித்துவிடலாம். கிளம்பினால்தானே!

பவளம் குடத்தை இறக்கிவிட்டு வண்டியைத் தொட்டுப் பார்த்தாள்.

"இன்னாய்யா இது, தொப்பலா நனைஞ்சி கீது? தெனம் காஞ்சிதான கெடக்கும்?"

வேதகிரி சீட்டைத் தடவினான். ஆமாம். தெருவெல்லாம் பனி கொட்டும்போது தன் சீட்டு மட்டும் எப்படி உலர்ந்து கிடக்கிறது என்று இந்தப் பகுத்தறிவுக்காரன் ஒரு நாளும் கேட்டதில்லை.

எதிர்வீட்டுக் கதவு திறக்கவில்லை. அதற்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது.

"நைனா... அந்த மெக்கானிக்கு சொன்னது என் காதுலயும் வுழுந்துச்சு. உனுக்கு வேல பூடும்னு பவளம் சொல்லி அழுதுச்சு. அதான் தெனம் ராவுல என் கோணியப் போட்டு மூடிக்கினு இருந்தேன். நீ வர்ற நேரத்துல எடுத்துத் தலயில போட்டுக்குவேன். நேத்து வண்டிகிட்ட வராதன்னு சொன்னியா, அதான் போடல."

மேடையில் சோடா குடிக்காமல் பேசுகிறவன் இப்போது தலையைக் குனிந்துகொண்டு ஈரச் சீட்டைத் துடைத்தான். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"தள்ளி வுட்டா கெளம்பிடும் நைனா. நான் வரலாமா?"

"வா யக்கா" என்றான், தலையைத் தூக்காமல்.

முனியம்மாள் கதவைத் திறந்தாள். நேரே வந்தால் நாலு எட்டுதான். அவள் வேலியோரமாக ஒதுங்கி, வண்டியைச் சுற்றிக்கொண்டு போய் முதுகுப் பக்கம் நின்றாள்.

"பயப்படாத நைனா. எதுக்க வர்ல, பின்னாலதான் நிக்கறேன்."