சாவியும் ஜன்னலும்

பிரேசில் மலையூரின் செங்குத்தான கல்தெருவில் ஏறியதில் ஏசுராஜின் முழங்கால் விண்விண்ணென்று தெறிக்கிறது. "நம்ம ஊர் ஃப்ரீமான்ட்ல பால் வாங்கவே கார் எடுக்கிற ஆளாச்சே நீங்க!" என்று மனைவி ஜெயலீலா சீண்டுகிறாள். அங்கே மில்பிடாஸ் ஃபேக்டரியில் ஏசுராஜோடு மெஷின் ஓட்டியவன் வில்மார். போன மாதம் இறந்துவிட்டான். அவன் வீட்டு வாசலில் அவன் அம்மா கை நீட்டி, தன் மொழியில் "ஷாவி" என்கிறாள். "ஐயோ, சாவியைத்தாங்க கேக்கறாங்க! தமிழா இது?" என்று ஜெயலீலா வாய்பிளக்கிறாள். ஏசுராஜ் செத்தவனின் பொருட்களில் கிடைத்த சாவியைக் கொடுக்கிறான். பூட்டிய அறை திறக்கிறது. "ஜனேலா" என்றபடி தாய் ஜன்னலைத் தள்ள, மூடுபனியும் பழுத்த வெயிலும் காப்பிப்பூ வாசனையும் வந்து, விரித்த படுக்கையில் மெல்லப் படுக்கின்றன. எங்கோ ஒரு கழுதையின் மணி அசைகிறது. ஏசுராஜுக்குப் பதிலாக ஷிஃப்ட் பார்க்கப் போன வழியில்தான் வில்மார் ஃப்ரீவேயில் அடிபட்டான். அதை இந்தத் தாயிடம் சொல்லும் கடன் இன்னும் பாக்கி.