பாஞ்சாலை டீச்சர் சொல்லாத பதில்

"சொந்த ஊர் பேரே வாயில வரலைன்னா உனக்கு எதுக்கும்மா வாத்தியார் வேலை?" என்று தலைமையாசிரியர் கேட்டே விட்டார்.

தப்பில்லை. வேலையில் சேர்ந்த முதல் வாரம், பாடத்தின் முதல் வரியிலேயே பாஞ்சாலை விக்கி நிற்க, மூன்றாம் வகுப்பே சிரித்தது. "வேலைக்குப் போ, வேணாங்கல. நம்ம குடும்ப மரியாதை மட்டும் இம்மி கொறையக் கூடாது" என்று சொல்லி அனுப்பிய மாமனாருக்குத் தெரிந்தால் என்ன ஆகும்?

இன்று பள்ளி இன்ஸ்பெக்டரே வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அவர் தலையசைத்தால்தான் வேலை நிரந்தரம். பாடம், 'நமது ஊர்'.

பாஞ்சாலை ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினாள். "அது என்ன மலை?"

"அண்ணாமலை!" வகுப்பு அலறியது.

"கோயில்ல இருக்கிற சாமி?"

"அண்ணாமலையார்!"

"நம்ம ஊரு?"

"திருவண்ணாமலை!"

இன்ஸ்பெக்டர் எழுந்தார். "எங்க, ஒரு தடவை நீங்க சொல்லுங்கம்மா. பிள்ளைங்க திருப்பிச் சொல்லட்டும்."

பாஞ்சாலை பிள்ளைகள் பக்கம் கையை நீட்டினாள்.

"நான் சொன்னா அது என் பாடம் சார். அவங்க சொன்னாத்தான் அவங்க பாடம்."

"பலே! மத்த வாத்தியாருங்க தொண்டை கிழியக் கத்துறாங்க. நீங்க ஒரு பதிலைக்கூட வாயால சொல்லலையே! உங்க வேலைக்கு நானாச்சு. உங்களை வேலைக்கு அனுப்பினதே உங்க மாமனார்தான்னு தலைமையாசிரியர் சொன்னார். இப்பேர்ப்பட்ட மருமகளை அனுப்பி வச்சவரை நேர்ல பார்த்துப் பாராட்டணும். அவர் பேரு என்னம்மா?"

பாஞ்சாலை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, மறுபடியும் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினாள்.

"சாருக்குச் சொல்லுங்க பிள்ளைங்களா, அது என்ன மலை?"