பிரசங்கம் எழுதாத நாள்

"இஞ்சருங்கோ, பாதிரியார் திரும்பவும் குதிரையாலை விழுந்திட்டார்!"

கார் ஓட்டிக்கொண்டிருந்த ஜெயசீலன் சிரிக்கவில்லை. பக்கத்தில் அவன் மனைவி சுகிர்தா, விக்டோரியா மகாராணி காலத்துக் கிராமப் பாதிரியார் ஒருவரின் நாட்குறிப்பு நகலைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அவர் வாழ்ந்த ஊருக்குத்தான் இருவரும் போய்க்கொண்டிருந்தார்கள்.

"பாமசியிலை மருந்து குடுக்கிற நல்ல வேலையை விட்டிட்டு, நாலு வருசம் வேறை படிப்புப் படிச்சீர். இப்ப அந்தக் கிழடுகளிட்டைப் போய்க் கெஞ்சோணுமோ?"

"கெஞ்சப் போகேல்லை. கதைக்கப் போறன்."

"உம்மைப் பற்றி அந்த ஊர் ஹாட்லி என்ன சொன்னவர்? எங்கட ஊரைப் பற்றி இவவுக்கு என்ன தெரியுமெண்டு கேட்டவரெல்லோ?"

"அதுக்குத்தானே இதை வாசிக்கிறன். நீங்கள் ரோட்டைப் பாத்து ஓடுங்கோ."

கனடாவின் மொன்றியல் நகரத்தைத் தாண்டி, சோள வயல்களுக்கு நடுவே இருந்தது அந்தப் பழைய கல் தேவாலயம். ஊரார் கூடியிருந்தார்கள். பெரும்பாலும் நரைத்த தலைகள். முன்வரிசையில், கைகளை இறுகக் கட்டியபடி பால்பண்ணைக்காரர் ஹாட்லி.

சுகிர்தா தன்னைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நாட்குறிப்பைத் திறந்து வாசித்தாள்.

"'ஹாட்லி வீட்டுத் தொழுவம் எரிந்துவிட்டது. பனியில் வீடு வீடாகப் போய் வைக்கோல் கேட்டேன். சறுக்குவண்டியை நானே இழுத்தேன். கையெல்லாம் கரி. ஞாயிறுப் பிரசங்கம் எழுதவில்லை. பசுக்கள் பிழைத்துவிட்டன.'"

ஹாட்லியின் கட்டிய கைகள் மெல்ல அவிழ்ந்தன.

"அது என் பூட்டனாரின் தொழுவம்." அவர் எழுந்து நின்றார். "அன்றைக்கு அவருக்கு யார் உதவினார்கள் என்று எங்கள் வீட்டில் யாருக்குமே தெரியாது."

சுகிர்தா அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். வேறொரு குடும்பத்தின் பெயர் வந்தது. ஒரு கிழவி விம்மினாள். பிறகு இன்னொரு பெயர். வாசித்து முடித்தபோது கைதட்டல் கூரையை முட்டியது. கடைசி வரிசையில் ஜெயசீலன் எழுந்து நின்று, எல்லாரையும்விடப் பலமாகத் தட்டிக்கொண்டிருந்தான்.

ஹாட்லி முன்னால் வந்து சுகிர்தாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"இந்தத் தேவாலயத்துக்கு உங்களை வேண்டாமென்று சொல்லத்தான் இன்றைக்கு வந்தேன்," என்றார். "அடுத்த ஞாயிறு என் பேத்திக்கு ஞானஸ்நானம். நீங்களே கொடுக்க வேண்டும், பாதிரியாரே!"